முள்ளை எண்ணினால் சுளை தெரியுமா?

கணக்கதிகாரத்தின் ஒரு வாய்பாடு பற்றிய திறனாய்வு

ஆனி, ஆடி மாதங்களில் கொல்லிமலைக்குச் சென்று வந்தவர்கள் அங்குள்ள பலாப்பழ மணத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி மேலே ஏறுகிறது. சோளக்காட்டை எட்டும்போது தலை சுற்றிக் கண் சொருகினாலும் மூக்கு மட்டும் விழித்துக்கொள்ளும். சாலையோரத்தில் குவித்து வைத்த பழங்கள் அப்படி மணக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு குவியலின் எதிரே நானும் ஓர் ஆசிரிய நண்பரும் அவருடைய எட்டாம் வகுப்பு மகனும் நின்றிருந்தோம். நண்பர் தமிழ்ப் பற்று மிகுந்தவர். பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடலாம் என்றும், நம் முன்னோர் அதற்கு வாய்பாடு கண்டிருக்கிறார்கள் என்றும் சொல்லி, கணக்கதிகாரப் பாட்டொன்றை ஒப்பித்தார். காம்பின் அருகிலுள்ள சிறு முட்களை எண்ண வேண்டும். வந்த எண்ணை 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க வேண்டும். ஈவுதான் சுளைகளின் எண்ணிக்கை. பாட்டின் பொருள் இவ்வளவே.

பையன் உடனே குனிந்து எண்ணத் தொடங்கினான். பழம் விற்ற அம்மாள் எங்களை வேடிக்கை பார்த்தார். “முள்ளை எண்ணி என்னங்க பண்ணப் போறீங்க? தட்டிப் பாத்து எடுங்க. முள்ளு விரிஞ்சு, சத்தம் மந்தமா கேட்டா பழம். கணக்குப் பாத்தா இனிக்குமா?” என்றார். அவர் சொன்னது முதிர்ச்சியின் அடையாளம். நாங்கள் தேடியதோ எண்ணிக்கை. இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்றாலும், அவருடைய விடைக்கு அனுபவம் சான்றாக இருந்தது. எங்கள் விடைக்கு என்ன சான்று இருந்தது? இந்தக் கட்டுரை அந்த ஐயத்திலிருந்து பிறந்ததே.

இந்த வாய்பாடு மேடைகளிலும் மலர்களிலும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. கேட்டவர் கைதட்டுவார், ஆனால் பழத்தை அறுத்துப் பார்த்தேன் என்று சொன்னவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஆகவே இதை இரண்டு வகையாகச் சோதிப்போம். முதலில் கணக்காக, பிறகு தாவரவியலாக.

ஒன்றே நாலுமா

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி முதலியவற்றின் அளவைகளையும் அவற்றோடு தொடர்புடைய கணக்குகளையும் பாட்டாக வகுத்துச் சொல்லும் நூல். எண்சுவடியை நெட்டுருப் போட்டு முடித்தவனுக்கே இது எளிதில் பிடிபடும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று ஒரு வரிசை. நாலுமா, மா, காணி, முந்திரி என்று மற்றொரு வரிசை. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவை நாக்கில் புரளாதவன் இந்நூலின் கணக்குகளில் கால் வைக்க முடியாது.

பலாக்கணக்கை இன்றைய முறையில் எழுதிப் பார்ப்போம். காம்பருகு முட்களின் எண்ணிக்கையை ‘ம’ என்றும், சுளைகளின் எண்ணிக்கையை ‘ச’ என்றும் கொள்க.

ச = 6ம/5

6/5 என்பது ஒன்றும் ஐந்தில் ஒன்றும் சேர்ந்தது. பழைய வழக்கில் ‘ஒன்றே நாலுமா’. அதாவது முட்களின் தொகையோடு அதன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் சுளை. 60 முள் என்றால் அதன் நாலுமா 12. ஆக 72 சுளை. மனக்கணக்காகவே முடிந்துவிடுகிறது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். ஒரு பழத்தில் 72 சுளைகள் இருந்தன. இந்த வாய்பாடு மெய்யென்று கொண்டால் காம்பருகில் எத்தனை முள் இருந்திருக்க வேண்டும்? நண்பரின் மகனிடம் இதைக் கேட்டேன். ஐந்தில் ஒன்றைக் கூட்டித்தானே வந்தோம், எனவே ஐந்தில் ஒன்றைக் கழித்தால் போயிற்று என்று அவன் எண்ணினான். 72-இல் ஐந்தில் ஒன்று 14.4, கழித்தால் 57.6. முள்ளில் தசமப் புள்ளி வந்ததும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிழை எங்கே? கூட்டும்போது எடுத்தது முள்ளின் ஐந்தில் ஒன்று. கழிக்கும்போது எடுத்தது சுளையின் ஐந்தில் ஒன்று. பெயர் ஒன்றானாலும் பொருள் வேறு. 72 என்பது ஆறு பங்குகள். அவற்றில் ஐந்து பங்கு முள். எனவே கழிக்க வேண்டியது ஆறில் ஒன்று, அதாவது 12. விடை 60. சமன்பாட்டு வழியில் சென்றால்,

6ம/5 = 72
6ம = 72 × 5 = 360
ம = 60

பின்னம் வந்த இடத்திலெல்லாம் ‘எதில்?’ என்று கேட்க வேண்டும். ஐந்தில் ஒன்று என்றால் எதில் ஐந்தில் ஒன்று? கால் என்றால் எதில் கால்? விலையை ஐந்தில் ஒரு பங்கு ஏற்றிவிட்டு, பிறகு ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்று பலகை வைக்கும் கடைக்காரர் பழைய விலைக்கு வருவதில்லை. 100 ரூபாய்ப் பொருள் 120 ஆகி 96-இல் வந்து நிற்கிறது. சிறுவன் செய்த பிழையும் இந்தப் பலகையும் ஒரே இனம்.

இதே மலையை வைத்து இன்னொரு கணக்கு. ஒருவர் தம் தோட்டத்துப் பலாப்பழங்களில் மூன்றில் ஒரு பங்கைச் செம்மேட்டில் விற்றார். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கைச் சோளக்காட்டில் விற்றார். 15 பழங்கள் எஞ்சின. மொத்தம் எத்தனை? தெரியாத எண்ணைக் ‘க’ என்க.

க − க/3 − க/4 = 15

இருபுறத்தையும் 12-ஆல் பெருக்க, 12க − 4க − 3க = 180; அதாவது 5க = 180; க = 36. சரிபார்ப்போம்: 12 பழமும் 9 பழமும் போக மீதி 15.

இப்போது ‘மொத்தத்தில்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு ‘மீதியில்’ என்று போடுக. மூன்றில் ஒன்று விற்றபின் மூன்றில் இரண்டு எஞ்சும். அதில் கால் பங்கு போனால் முக்கால் எஞ்சும். மூன்றில் இரண்டில் முக்கால் என்பது சரிபாதி. எனவே க/2 = 15; க = 30. ஒரு சொல் மாறியதால் ஆறு பழம் குறைந்தது. மாணவர்கள் இத்தகைய கணக்கில் தவறுவது பெரும்பாலும் பெருக்கலிலோ வகுத்தலிலோ அன்று, படிப்பதிலேதான்.

12-ஆல் ஏன் பெருக்குகிறோம்?

இந்த இடத்தில் நம் வகுப்பறை வழக்கம் ஒன்றைக் குறைகூறாமல் மேலே செல்ல இயலவில்லை. “அந்தப் பக்கம் போனால் மாறும்”, “குறுக்கே பெருக்கு” என்ற இரண்டு மந்திரங்களைக் கொடுத்துப் பின்னச் சமன்பாடுகளை முடித்துவிடுகிறோம். மந்திரம் சில இடங்களில் பலிக்கும். இருபுறமும் ஒவ்வொரு பின்னமே இருந்தால் குறுக்குப் பெருக்கல் சரியான விடை தரும். மூன்றாவது உறுப்பு ஒன்று வந்ததும் மாணவன் திகைக்கிறான். க/3 + க/4 = 7 என்ற எளிய சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவன் மேலும் கீழும் கூட்டி 2க/7 = 7 என்று எழுதி, 24.5 என்று முடிப்பான். இன்னொருவன் இடப்புறத்தை மட்டும் 12-ஆல் பெருக்கி, வலப்புறத்து 7-ஐ அப்படியே விட்டு, 7க = 7, ஆகவே க = 1 என்பான். இருவரும் விடையைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒன்றில் மூன்றில் ஒன்றும் ஒன்றில் கால் பங்கும் சேர்ந்து ஏழாகுமா என்று ஒரு கணம் நினைத்திருந்தால் இரண்டாமவன் தன் தாளைக் கிழித்திருப்பான். சரியான விடை 12. அதில் மூன்றில் ஒன்று 4, நான்கில் ஒன்று 3, கூட்டினால் 7.

12-ஆல் பெருக்குவது வெறும் தந்திரமன்று. மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று ஆகிய இரண்டையும் மிச்சமின்றி அளக்கக்கூடிய சிறிய படி ஒன்றைத் தேடி எடுப்பதே அது. கலத்தில் ஒருவரும் மரக்காலில் ஒருவரும் நெல் கடன் வாங்கியிருந்தால், கூட்டுவதற்குமுன் எல்லாவற்றையும் மரக்காலாக மாற்றிக்கொள்கிறோம் அல்லவா? அதுபோலவே இங்கும் எல்லாவற்றையும் பன்னிரண்டில் ஒன்றுகளாக மாற்றுகிறோம். தராசின் ஒரு தட்டை மட்டும் பன்னிரண்டு மடங்காக்கி மறு தட்டை விட்டுவிட்டால் முள் சாய்ந்துபோகும். அதனால்தான் வலப்புறமும் பெருக்கப்படுகிறது.

பழந்தமிழ்ப் பின்னமுறையின் அழகு இங்கேதான் தெரிகிறது. அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி ஆகியவை எல்லாம் முந்திரியில் முழு எண்ணாக அடங்கும். அரை என்பது 160 முந்திரி; கால் 80; அரைக்கால் 40; வீசம் 20; மா 16; காணி 4. இன்றைய மாணவன் ஒவ்வொரு கணக்குக்கும் மீச்சிறு பொது மடங்கைத் தேடுகிறான். பழைய கணக்கனுக்கு 320 என்ற பொதுப் பகுதி முன்பே தேடி வைக்கப்பட்டிருந்தது.

ஆனால் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது முறையாகாது. 320 என்பது இரண்டுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கி வந்த எண். அதில் மூன்று இல்லை. எனவே மூன்றில் ஒன்றை முந்திரியால் முழுமையாகச் சொல்ல முடியாது. 106 முந்திரி போக ஒரு முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு தொங்கும். முந்திரியை மறுபடியும் 320 கூறாக்கிய கீழ்முந்திரிக்குச் சென்றாலும் தொங்கல் தீராது. அதற்கும் கீழே இறங்கி இம்மியை அடைந்தபின்தான் தீரும். ஏனெனில் ஒரு கீழ்முந்திரிக்கு 21 இம்மி. அந்த 21-இல் மூன்றும் ஏழும் ஒருங்கே அகப்படுகின்றன. நடைமுறையில் நெல் அளப்பவன் இம்மி வரை இறங்க வேண்டியதில்லை. கலத்துக்கு 12 மரக்கால், அதாவது மூன்று தூணி. மூவர் பங்கு பிரிக்க வந்தால் ஆளுக்கு ஒரு தூணி என்று அளவையே பின்னத்தின் வேலையைப் பார்த்துக்கொண்டது. எண்ணில் விட்ட மூன்றை அளவையில் பிடித்துவிட்டார்கள்.

கடல் கடந்து ஓர் ஒப்புமை. ஏறத்தாழக் கி.மு. 1550-இல் எகிப்தில் ஆமெசு என்னும் எழுத்தர் படியெடுத்த கணக்குச் சுருள் ஒன்று, பின்னர் அதை வாங்கிய இரிண்டு என்பவர் பெயரால் இன்று வழங்குகிறது. அதில் ஒரு கணக்கு: ஓர் எண்ணும் அதன் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் 19, எண் யாது? நம் முறையில் க + க/7 = 19. ஆமெசுக்கு ‘க’ போடும் வழக்கம் தெரியாது. அவர் விடை 7 என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறார். ஏழும் அதன் ஏழில் ஒன்றும் 8. வேண்டியதோ 19. எட்டைப் பத்தொன்பதாக்க இரண்டே கால் அரைக்கால் மடங்காக்க வேண்டும். ஆகவே ஏழையும் அத்தனை மடங்காக்கினால் 16-உம் அரையும் அரைக்காலும். எகிப்தியர் பின்னங்களை இப்படிக் கூறு கூறாகக் கூட்டியே எழுதினர். நம் பாட்டியர் ‘பதினாறே அரையே அரைக்கால்’ என்று சொன்னதும் அதே போக்கு. 1150-இல் பாசுகரர் இயற்றிய லீலாவதியிலும், விருப்பமான ஓர் எண்ணை விடையாக வைத்துத் தொடங்கும் இந்த முறை உண்டு. மேலும் ஒன்று கவனிக்கத்தக்கது: ஆமெசு விடையைக் கண்டதோடு விடவில்லை. கண்ட எண்ணோடு அதன் ஏழில் ஒன்றைக் கூட்டி, 19 வருகிறதா என்று எழுதியே சரிபார்க்கிறார்.

இனிப் பழத்தை அறுப்போம்

கணக்காகப் பார்த்தால் பலா வாய்பாட்டில் குறையில்லை. ஆனால் ஒரு சமன்பாடு பிழையின்றித் தீர்வதும், அது உலகத்தைப் பற்றி மெய் பேசுவதும் வேறு வேறு. 6ம/5 என்பது எங்கிருந்து வந்தது?

பலா ஒரு தனிப்பூவிலிருந்து உண்டாகும் பழமன்று. ஒரே மரத்தில் ஆண் பூங்கொத்துகளும் பெண் பூங்கொத்துகளும் தனித்தனியே தோன்றுகின்றன. ஆண் கொத்து மகரந்தத்தைச் சிந்திவிட்டு உதிர்ந்துபோகும். பெண் கொத்து முழுவதும் ஒன்றாகப் பருத்துப் பழமாகிறது. இதைக் கூட்டுக்கனி என்பர். தோலின்மேல் நாம் காணும் ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு பூவின் நுனியைக் குறிக்கிறது. கருவுற்ற பூ சுளையாகி நடுவில் கொட்டையைத் தாங்குகிறது. கருவுறாத பூ நார்போல் மெலிந்து சுளைகளுக்கிடையே சடையாகக் கிடக்கிறது. ஆகையால் முள்ளுக்கும் சுளைக்கும் உறவு உண்டு என்று எண்ணியவர் வீணாக எண்ணவில்லை. அந்தக் கூர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் உறவு பழத்தின் எல்லா முட்களுக்கும் எல்லாப் பூக்களுக்கும் இடையே உள்ளது. அவற்றில் எத்தனை பங்கு சுளையாகும் என்பது எத்தனை பூ கருவுற்றது என்பதைப் பொறுத்தது.

காம்பருகிலுள்ள முட்களை மட்டும் எண்ணி மொத்தச் சுளைகளைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு பின்னங்கள் பழத்துக்குப் பழம் மாறாதிருக்க வேண்டும். ஒன்று, காம்பருகு முட்கள் மொத்த முட்களில் எத்தனை பங்கு என்பது. மற்றொன்று, மொத்தப் பூக்களில் எத்தனை பங்கு கருவுற்றது என்பது. எடுத்துக்காட்டுக்காக ஒரு பழத்தில் 1,200 முள் என்றும், காம்பருகில் இருப்பவை அவற்றில் 1/20 என்றும், கருவுற்றவை 3/50 என்றும் வைத்துக்கொள்வோம். இந்த எண்களை நான் அளந்து சொல்லவில்லை. கணக்கை விளக்க நானே வைத்துக்கொண்டவை. காம்பருகு முள் 60, சுளை 72. வாய்பாடு அப்படியே பொருந்துகிறது. அதே மரத்தில் பக்கத்துப் பழத்துக்கு மகரந்தம் பாதியே கிட்டியது என்க. சுளை 36 ஆகிவிடும். காம்பருகு முட்களோ அதே 60. பாட்டு இன்னமும் 72 என்றே சொல்லும். உள்ளே எத்தனை பூ கருவுறாமல் போயிற்று என்பதைக் காம்பருகு முள் எப்படி அறியும்? கோணலாகவும் பள்ளம் விழுந்தும் காணப்படும் பழத்தை விவரமறிந்தவர் ஒதுக்கிவிடுவார். பள்ளம் விழுந்த இடத்தில் பூக்கள் கருவுறவில்லை. அந்தப் பள்ளம் காம்புக்கு எட்டத்தில் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

இன்னொரு தொல்லையைக் கொல்லிமலையில் நேரிலேயே கண்டோம். ‘காம்பருகு’ என்றால் எது வரை? பையன் காம்பை ஒட்டிய முதல் வட்டத்தோடு நின்றான். அவன் தந்தை, பாட்டில் சிறு முள் என்று வருகிறது, ஆகவே சிறியனவாகத் தெரியும் வரை எண்ண வேண்டும் என்றார். நான் அவ்விருவருக்கும் நடுவே ஓரிடத்தில் கோடு போட்டேன். ஒரே பழம், மூன்று எண்ணிக்கை. எண்ணிக்கையில் ஐந்து கூடினால் விடையில் ஆறு கூடும். ஒருவர் 40 என்றும் மற்றவர் 60 என்றும் எண்ணினால் ஒருவருக்கு 48 சுளை, மற்றவருக்கு 72. வெட்டியபின் எந்த எண் வந்தாலும், நான் இந்த வட்டம் வரை அல்லவா எண்ணியிருக்க வேண்டும் என்று சொல்லித் தப்பிக்கலாம். எப்படி வந்தாலும் பொய்க்காத வாய்பாடு எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்த ஒரு பழத்தை நாங்கள் வாங்கி வெட்டிச் சாப்பிட்டோம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பழத்தைக் கொண்டு ஆம் என்றோ இல்லை என்றோ நிறுவ முற்படுவது, நான் குறைகூறும் பழக்கத்தையே நானும் பின்பற்றுவதாகும்.

மற்றுமொரு சிறு குறிப்பு. முள் 52 என்று வந்தால் சுளை 62 போக 2/5. பழைய வழக்கில் ‘அறுபத்திரண்டே எட்டுமா’ சுளை! பழத்துக்குள் எட்டுமாச் சுளை இருக்கக் கண்டவர் எவரும் இலர். எண்ணிக்கைக்கு உரிய பொருளில் பின்ன விடை வந்தால், விடையைத் தோராயம் என்று கொள்ள வேண்டும். அல்லது கேள்வியிலேயே ஐயம் கொள்ள வேண்டும். பாட்டு இரண்டையும் சொல்லவில்லை.

அதே நூலில் பூசணிக்காய்க்கும் ஒரு வாய்பாடு உண்டு. கீற்றுகளை எண்ணி, மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் பெருக்கி, பாதியைத் தள்ளி, மூன்றால் வகுத்தால் விதைகளின் தொகையாம். மூன்றால் பெருக்கிய பிறகு மூன்றாலேயே வகுப்பானேன்? இரண்டும் அடிபட்டுப்போகும். ஆறும் ஐந்தும் பெருக்கிய முப்பதில் பாதி பதினைந்து. கீற்றுக்குப் பதினைந்து விதை என்று ஒரே சொல்லில் முடியும் செய்தி இப்படி ஊர்வலம் வருகிறது. விதையின் எண்ணிக்கையை அறிவது மட்டுமே நோக்கமாயின் எவரும் இவ்வாறு சொல்லியிருக்க மாட்டார். ஆதலால் இவை பெருக்கல் வகுத்தல் பழக்கத்துக்காக, மாணவன் அன்றாடம் காணும் காய்கனியைப் பொருளாக்கி அமைத்த பயிற்சிக் கணக்குகள் என்பதே என் கருத்து. அப்படிக் கொண்டால் பலாப்பாட்டும் நல்ல பயிற்சிதான். ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கும் கணக்கை இதைவிடச் சுவையாகச் சொல்லிக் கொடுக்க முடியாது. வாய்பாட்டைத் தாவரவியல் கண்டுபிடிப்பாக மேடையேற்றியவர்கள்தான் அதற்கு இழிவு தேடித் தருகிறார்கள்.

நூலின்மேல் எனக்குள்ள குறை வேறு. வட்டத்தின் பரப்புக்கும் கணக்கதிகாரம் ஒரு வழி கூறுகிறது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குக. இது முற்றிலும் சரி. தோசை ஒன்றை நடுவிலிருந்து மெல்லிய கூறுகளாக வெட்டி, ஒன்று மேல்நோக்கியும் ஒன்று கீழ்நோக்கியுமாக அடுக்கினால், ஏறத்தாழ ஒரு நீள்சதுரம் கிடைக்கும். அதன் நீளம் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. கூறுகள் மெலிய மெலிய ‘ஏறத்தாழ’ என்பது மறைந்துகொண்டே போகும். எந்த ஊர் வட்டத்துக்கும் இது பொருந்தும். மகரந்தம் கிடைத்ததா என்று பார்க்க வேண்டியதில்லை. இவ்வளவு உறுதியான உண்மையும், பழத்துக்குப் பழம் மாறக்கூடிய பலாக்கணக்கும், நூலில் ஒரே வகைப் பாட்டாக, ஒரே உறுதியோடு, காரணம் கூறாமல் வருகின்றன. படிப்பவன் எதை நம்புவது, எதைச் சோதிப்பது என்று பிரித்தறிய வழியில்லை. வட்டத்துக்கு இவ்வளவு அருமையான வழியைக் கண்டவர்களுக்குக் காரணம் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்ததை ஓர் அடி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஓலையும் எழுத்தாணியும் கொண்டு எழுதியவர்களுக்குச் சுருக்கம் கட்டாயமாக இருந்திருக்கலாம். அச்சுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதும் நமக்கு அந்தச் சாக்கு இல்லை. ‘குறுக்கே பெருக்கு’ என்று நாம் காரணம் கூறாமல் எழுதும்போது பழைய நூலின் குறையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் இனிமையை விட்டுவிடுகிறோம்.

பாட்டின் மேல் பற்றுள்ள மாணவர்கள் இதைக் கேட்டு மனம் சோர வேண்டாம். ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இருக்கிறது. எது வரை எண்ணுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்க: காம்பைச் சுற்றி நான்கு விரற்கடை வரை என்றோ, முதல் மூன்று வட்டங்கள் என்றோ, ஏதேனும் ஒன்று. பழத்துக்குப் பழம் அதை மாற்றக்கூடாது. ஒரு பழத்தை இருவர் தனித்தனியே எண்ணி, எண்களை ஒருவருக்கொருவர் சொல்லாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பழத்தை வெட்டுவதற்கு முன்பே 6ம/5-ஐக் கணக்கிட்டுத் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். பிறகு சுளைகளை எண்ணி, ச-வை ம-வால் வகுத்துக் கிடைக்கும் பின்னத்தை அருகே எழுதுக. கொல்லிமலைப் பழம், பண்ருட்டிப் பழம், வீட்டுக் கொல்லைப் பழம் என்று ஊர்வாரியாகப் பட்டியல் பிரிந்தால் இன்னும் நல்லது. அந்தப் பின்னம் ஒன்றே நாலுமாவைச் சுற்றியே நிற்கிறதா, ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே அலைகிறதா என்று இருபது முப்பது பழங்களுக்குள் தெரிந்துவிடும். அறுக்கும்போது கத்திக்கும் கைக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளவும். பால் ஒட்டினால் பட்டியல் எழுதும் நோட்டையும் கெடுத்துவிடும்.